காகத்துக்கு வைத்த சோறு

1

மனைவி கமலா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. திதி போன வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை வீட்டில் ஒருவருக்கும் லீவு இல்லை என்பதால், மகள் துசி ஞாயிற்றுக்கிழமைக்குக் கோயிலில் ஐயரைப் பதிந்து வைத்திருந்தாள். இந்த நாட்டில் இறந்தவர்களும் வார இறுதிக்குக் காத்திருக்கப் பழக வேண்டும். நான் குறை சொல்லவில்லை. சொன்னாலும் எடுபடாது.

இதைச் சமையலறை மேசையில் இருந்து எழுதுகிறேன். எதிரே பின்வளவுக்குப் போகும் கண்ணாடிக் கதவு. கதவுக்கு மேலே, வெளிச்சுவரில், முட்டை அளவில் ஒரு கமரா. நான் கதவைத் திறந்து வெளியே கால் வைத்தால் அது விழித்துக்கொள்ளும். டவுன்டவுனில் வேலை செய்யும் துசியின் போனுக்கு 'பின்வளவில் ஒரு ஆள்' என்று செய்தி போகும். மிருகம் வந்தால் 'மிருகம்' என்று போகும். சில வேளை அதற்கு மாறிப்போவதும் உண்டு. மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு குனிந்து நின்ற என்னை ஒருமுறை மிருகம் என்று அறிவித்துவிட்டது. பேத்தி ஆரணி இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஊரில் இருக்கும் நீங்கள், இவருக்கு என்ன குறை, மகளின் மாளிகை மாதிரி வீட்டில் ராசா போல இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். போனில் கேட்டால் நானும் "ஓம், நல்லா இருக்கிறன்" என்றுதான் சொல்கிறேன். போனில் சொல்ல முடியாததை எழுதலாம் என்று தோன்றுகிறது.

2

கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அறையில் ஐந்து ஆண்கள் இருந்தோம். ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்ற நாலு பேரும் திரும்ப வேண்டும். அங்கே நெருக்கடி இருந்ததே தவிர அடைபட்ட மாதிரி இருந்ததில்லை. கதவைத் திறந்தால் தெரு, தெரு நிறைய ஆட்கள். பிறகு கமலாவும் துசியும் வந்து சேர, ஸ்காபரோவில் அப்பார்ட்மென்ட் எடுத்து முப்பது வருடத்துக்கு மேல் இருந்தோம். லிஃப்டில் இறங்கினால் பஸ், பஸ் ஏறினால் தமிழ்க்கடை. முருங்கைக்காய் வாங்கப் போன கமலா இரண்டு மணித்தியாலம் கழித்து நாலு வீட்டுக் கதையோடு திரும்பி வருவாள்.

அவள் போனபிறகு துசி வந்து என்னைப் பார்த்தாள். நான் பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தேன், மூன்று நேரமும். "தனிய இருக்கேலாது அப்பா. எங்களோட வந்திருங்கோ" என்றாள். அந்தக் கிழமைதான் டாக்டர் என் கண்ணில் பிரஷர் கூடிவிட்டது என்று எழுதிக் கொடுத்து, கார் லைசென்ஸும் போயிருந்தது.

அப்படித்தான் துசியின் வீடு இருக்கும் விட்பிக்கு வந்தேன். எல்லாம் புது வீடுகள், ஒரே அச்சில் வார்த்த மாதிரி. வந்த புதிதில் நடந்து திரும்பும்போது பக்கத்துத் தெருவில் யாருடையதோ கதவில் எங்கள் பூட்டு இலக்கத்தை அழுத்தி, திறக்கவில்லை என்று கோபப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். காலையில் மருமகன் இருட்டோடு எழும்பி மிசிசாகா விமான நிலையத்துக்கு ஓடுவார். துசி ரயிலுக்கு ஓடுவாள். ஆரணி பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடுவாள். ஓட்டம் எல்லாம் முடிந்தபின் வீட்டில் நானும் குளிர்சாதனப் பெட்டியின் சத்தமும்.

ஆனால் எனக்கு ஒரு வழி இருந்தது. வீட்டுக்குப் பின்னால், மழைத்தண்ணீர் தேங்க வெட்டிய ஒரு குளம். குளத்தைச் சுற்றி ஒரு நடைபாதை. அது போய் முடிகிற இடத்தில் சில கடைகளும் ஒரு கோப்பிக் கடையும். அங்கே சிவலிங்கம் அண்ணை இருப்பார். ஊரில் தபாலதிபராக இருந்தவர், இப்போது என்னைப் போல மகன் வீட்டில். ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை கதைப்போம். ஒரு நாளில் நான் வாய் திறந்து தமிழ் பேசுவது பெரும்பாலும் அங்கேதான். அந்த நடை எனக்கு ஸ்காபரோ முழுவதற்கும் பதிலாக இருந்தது.

அந்தப் பாதையில்தான் அதை முதலில் கண்டேன். நரி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஆரணி ஒரு காதுக்குள் இருந்ததைக் கழற்றிவிட்டு, "தட்ஸ் நொட் எ ஃபொக்ஸ் அம்மப்பா. கயோட்டி" என்றாள். நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது. சாம்பலும் மண்ணிறமும் கலந்த உடம்பு, நீளக் கால். ஓடவில்லை, உறுமவில்லை. நான் யாருடைய வீட்டு ஆள் என்று யோசிப்பது போலப் பார்த்துவிட்டுப் புல்லுக்குள் போய்விட்டது.

பிறகு எல்லோரும் அதைப் பற்றியே கதைத்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஒன்று, பஸ் தரிப்பிடத்தில் ஒன்று. மருமகன் நெடுஞ்சாலை ஓரத்தில் கார்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறார், அடிபட்டுக் கிடப்பதையும் கண்டிருக்கிறார். முன்பு இப்படி இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அங்கே அவர்களுக்கு முன்பு என்பதே ஏழெட்டு வருடம்தான்.

சிவலிங்கம் அண்ணைதான் சொன்னார்: "உதுகள் எங்கட இடத்துக்கு வரேல்லை ஐசே. நாங்கள்தான் உதுகளின்ட இடத்தில வீடு வாங்கியிருக்கிறம். அதுவும் கடனுக்கு."

3

கமலா ஒரு நாளும் காகத்துக்கு வைக்காமல் சனிக்கிழமை சாப்பிட்டதில்லை. நான் அதில் பெரிய அக்கறை காட்டியவன் இல்லை. ஊரில் ஊரடங்கு போட்ட நாட்களில், வளவுக்குள் இறங்கவே பயந்துகொண்டு கதவைச் சாத்திவிட்டு இருப்போம். வெளியே தெருநாய்கள் நடுறோட்டில் படுத்திருக்கும், நாங்கள் உள்ளே யன்னல் நீக்கலால் நாயைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த நேரத்திலும் அவள் அடுப்படி யன்னல் கம்பிக்குள்ளால் அகப்பையை நீட்டி, கிணற்றுத் தொட்டிக் கட்டில் சோற்றை வைப்பாள்.

"உமக்கென்ன விசரோ?" என்று கேட்பேன்.

"காகத்துக்கு ஊரடங்கு இல்லைத்தானே" என்பாள்.

காகமும் வரும். அவள் அகப்பையை உள்ளே இழுக்கமுன்னரே வந்துவிடும்.

அவளுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து விட்பிக்கு வந்தபின், அவள் செய்ததை நான் செய்யத் தொடங்கினேன். இப்போது அவளும் காகத்தோடு வருகிறவள் அல்லவா. சனிக்கிழமைகளில் துசியும் மருமகனும் ஆரணியை வகுப்புகளுக்கு ஏற்றிக்கொண்டு போனபின், கடதாசித் தட்டில் சோறும் பருப்பும் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கல்லும் வைத்து, பின்வளவு வேலி மூலையில் வைப்பேன். யன்னலால் நீட்டலாம் என்றால் இங்கே எல்லா யன்னலுக்கும் நுளம்புவலை அடித்திருக்கிறார்கள்.

காகம் வரவில்லை. காகமே இல்லாத நாடு என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. கழுத்தில் சாம்பல் இல்லாத, முழுக் கறுப்பு. ஆனால் மனிதரோடு பழகாத காகம். "கா, கா" என்று கூப்பிட்டால் இன்னும் மேலே போய் இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் நான் வைத்த சோறு கல்லுப் போல உறைந்து கிடந்தது. அணில் வந்தால் கண்ணாடியைத் தட்டித் துரத்துவேன். ஊரில் என்றால் காகம் எடுக்காவிட்டால் செத்தவருக்கு ஏதோ மனக்குறை என்று சொல்வார்கள். எனக்கு அதுதான் உள்ளே அரித்தது. என்ன குறை அவளுக்கு? ஸ்காபரோ வீட்டை விட்டதா? அவளுடைய சீலைகளைப் பெட்டியில் போட்டுக் கராஜில் வைத்திருக்கிறோமே, அதுவா?

சனிக்கிழமைச் சாப்பாடு அவளுக்குக் கடமைதான். அவளுக்கு உண்மையில் விருப்பமானது நெத்தலிப் பொரியல். பனி கரைந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துசி பொரித்ததில் ஒரு பிடியை எடுத்துச் சோற்றோடு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் மச்சத்துக்குத் தடை இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் தட்டுத் துடைத்த மாதிரி இருந்தது. ஒரு பருக்கை இல்லை.

எனக்கு இருந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது. கோப்பிக் கடைக்குப் பாதி ஓட்டமாகப் போனேன். "அண்ணை, எடுத்திட்டுது" என்றேன். அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கமலாவுக்கு வாய்க்கு ருசியா வைச்சால்தானே வருவா" என்றார். அதன்பிறகு நான் கிழமையில் நாலு நாள் வைத்தேன். நெத்தலி இல்லாத நாளில் கருவாட்டுத் துண்டு. ஒரு நாளும் மிச்சம் இருக்கவில்லை.

குளக்கரையில் ஒரு பலகை இருந்தது. காட்டு விலங்குகளுக்கு உணவு போடாதீர்கள் என்று. நான் தினமும் அதைக் கடந்துதான் போனேன். அது வாத்துக்குப் பாண் போடுகிறவர்களுக்கு என்று நினைத்தேன். கமலா எப்படிக் காட்டு விலங்காவாள்?

4

பக்கத்து வீட்டு மரியா பிலிப்பைன்ஸ்காரி. அவளிடம் வெள்ளையாய் ஒரு குட்டி நாய் இருந்தது, பெயர் பிஸ்கட். மே மாதம் ஒரு காலை, அவள் நாயை வளவுக்குள் விட்டுவிட்டு உள்ளே போய்த் திரும்பமுன் கத்தல் கேட்டது. வேலிக்குக் கீழே இருந்த இடைவெளியால் கயோட்டி வந்து நாயின் பின்தொடையைக் கவ்வியிருக்கிறது. மரியா வாளியை எறிந்ததில் விட்டுவிட்டு ஓடிவிட்டது. பிஸ்கட் தப்பியது, ஆனால் இன்றைக்கும் அது வளவுக்குள் இறங்குவதில்லை. மரியா வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் இந்தப் பக்கம் நின்று "சொறி, சொறி" என்று சொன்னேன். எதற்காகச் சொறி சொல்ல வேண்டியவன் நான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்தக் கிழமையே மருமகன் கமராவைப் பொருத்தினார். மூன்றாம் நாள் காலை ஆரணி போனை என் தேத்தண்ணீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"லுக் அம்மப்பா. இட்ஸ் ஈட்டிங் சம்திங்."

விடிகிற நேரத்துச் சாம்பல் வெளிச்சம். வேலி மூலை. என் கடதாசித் தட்டு. தலையை ஒரு பக்கம் சரித்து, முன்காலால் கல்லைத் தள்ளிவிட்டு, முதலில் கருவாட்டைத் தனியாக எடுத்து, பிறகு சோற்றை ஒரு பருக்கை விடாமல் நக்கித் தின்றது அது. தின்று முடித்துக் கதவைப் பார்த்தது. இன்னும் வருமா என்று கேட்பது போல.

"உது ஆர் வைச்சது?" என்று துசி பின்னால் நின்று கேட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாளும் நான் யாரோடு கதைத்துக்கொண்டிருந்தேன்? தட்டை வைத்துவிட்டு, "இண்டைக்கு உப்புக் கொஞ்சம் கூடிட்டுது கமலா" என்று சொல்லிவிட்டல்லவா வருவேன்.

சனிக்கிழமை, இவர்கள் வகுப்புக்குப் புறப்படமுன், நகரசபையிலிருந்து ஒரு இளம் பெண் அலுவலர் வந்தாள். மரியாவின் நாய் கடிபட்டதற்காகத் தெருவில் எல்லா வீட்டுக்கும் போகிறாளாம். நல்ல மரியாதையான பிள்ளை. வாசலில் நின்று, வெளியே சாப்பாடு ஏதாவது வைக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். துசி வாய் திறக்கமுன் நான் முந்திக்கொண்டேன். மறைக்கக் கூடாது என்று இரவே முடிவு செய்திருந்தேன்.

"யெஸ். எவ்ரி வீக். ஃபோர் மை வைஃப்."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு துசியைப் பார்த்தாள்.

"யுவர் வைஃப் இஸ் அவுட்சைட், சேர்?"

"யெஸ்" என்றேன். "ஷி டைட். நவ் ஷி இஸ் கமிங் வித் குரோ."

துசி என் கையைப் பிடித்தாள். மெல்லத்தான் பிடித்தாள். பிறகு அவள் தன் நல்ல ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினாள். நான் சொன்னதைவிட அழகாகத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் 'கலாசாரம்', 'வயது', 'துக்கம்' என்ற சொற்கள் வந்தன. என் வீட்டு வாசலில் நான் நிற்க, என்னை யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னது எனக்குச் சுட்டது. அந்தப் பிள்ளை தலையசைத்தாள். இது எச்சரிக்கை மட்டும் என்றாள். அடுத்த முறை அப்படி இராது என்றாள். கயோட்டி மனிதர் கையால் தின்னப் பழகினால் கடைசியில் அதைச் சுட வேண்டி வரும் என்றும் சொன்னாள். வந்தால் கையை உயர்த்திப் பெரிய ஆளாக நின்று கத்த வேண்டுமாம்.

போகும்போது என்னிடம் மட்டும் திரும்பி, "ஐ ஆம் சொறி ஃபோர் யுவர் லொஸ்" என்றாள். அதற்காக அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

5

அன்றிலிருந்து குளத்துப் பாதை இல்லை. துசி சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "உங்களை அது மணத்தில கண்டு பிடிச்சு வரும் அப்பா. கண்ணும் வடிவாத் தெரியாது. எனக்கு வேலையில இருக்கேலாது" என்றாள். அம்மாவைப் பறிகொடுத்தவள், அப்பாவையும் விட மாட்டேன் என்கிறாள். அன்பாகப் பூட்டுகிற கதவைத் தள்ளித் திறக்க எனக்குத் தெரியவில்லை.

கோப்பிக் கடைக்கு மற்ற வழி பெரிய றோட்டோரம். அதில் நடைபாதையே கிடையாது. லொறி போகும்போது வேட்டியாக இருந்தால் பறந்துவிடும். "சனிக்கிழமை நான் காரில ரைட் தாறன்" என்று மருமகன் சொன்னார். தந்தார், நாலைந்து தரம். சனிக்கிழமை சிவலிங்கம் அண்ணையை அவருடைய மகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். சில நாள் அண்ணை எனக்குப் போன் எடுப்பார். இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றுமில்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டு வீட்டுக்குள் இருப்பவனோடு எதைக் கதைப்பது? பிறகு அதுவும் குறைந்துவிட்டது.

கதவுகளுக்கு மருமகன் புதுப் பூட்டுப் போட்டார். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், போனில் இருந்தும் பூட்டலாம். உள்ளிருந்து நான் திறக்கலாம்தான், சிறை என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் திறந்தால் கமரா விழிக்கும். ஐந்து நிமிடத்தில் போன் அடிக்கும். "என்னப்பா, வெளியில நிக்கிறியள்?" குற்றம் பிடிக்கிற குரல் இல்லை. கூட்டத்துக்கு நடுவில் எழும்பி வந்து, மூச்சு வாங்கக் கேட்கிற குரல். இரண்டு தரம் அப்படிக் கேட்டபின் நான் திறப்பதை விட்டுவிட்டேன்.

இப்போது மத்தியானத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கதிரையைப் போட்டு இருக்கிறேன். அது வருகிறது. பின்வேலிக்கு அப்பால், குளத்துப் பாதையில், என் பாதையில், என் நேரத்துக்கு நடந்து போகிறது. எனக்கு அதன்மேல் கோபம் வரும். பிறகு வெட்கமாக இருக்கும். ஊரடங்கில் நாயைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் இவ்வளவு தூரம் வந்து, பங்களா மாதிரி வீட்டில் இருந்து, திரும்பவும் யன்னலால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

6

திவசத்துக்குக் காகப் பிண்டம் கோயிலில் வைக்கலாம், அங்கே அதற்கு ஒரு மேடை இருக்கிறது என்று துசி சொன்னாள். சரி என்றேன். ஆனால் வெள்ளிக்கிழமை விடிந்தபோது மனம் கேட்கவில்லை. அவள் செத்தது இந்தத் திதியில். ஞாயிற்றுக்கிழமை அவள் செத்த நாள் இல்லை.

எல்லோரும் போனபின் குளித்து, விபூதி பூசி, சோறும் பருப்பும் வாழைக்காய்க் கறியும் சமைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கி வைத்திருந்த வாழையிலையில் ஒரு துண்டு வெட்டினேன். படத்துக்கு முன்னால் படைத்தேன். மச்சம் இல்லை, மணமில்லாத சோறு. நான் பக்கத்திலேயே நிற்பேன், காகம் எடுத்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் கையோடு கொண்டு வந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டேன். கதவைத் திறந்து இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வேலி மூலை வரை நடந்தேன். தொலைவில் ஒரு மேப்பிள் மரத்தின் உச்சியில் காகம் ஒன்று இருந்தது. உண்மையாகவே இருந்தது.

"வா" என்றேன். "வாம்மா."

வேலிக்குக் கீழே அசைந்தது. தலை வந்தது, பிறகு தோள். வேலிக்கு இந்தப் பக்கமே வந்து நின்றுவிட்டது. கிட்டத்தில் கண்டபோதுதான் அது எவ்வளவு மெலிந்து போயிருக்கிறது என்று தெரிந்தது. வாலில் மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தது. பயந்தேன் என்று சொன்னால் பொய். கையை உயர்த்திக் கத்த வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. கையில் இலை இருக்கிறது. கத்துவதற்கும் எனக்கு வாய் வரவில்லை. இதற்குப் பழக்கியவனே நான்தானே. அது இலையைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன்.

அப்போது சுவரில் இருந்த முட்டை அலறியது. காது கிழிகிற சைரன். நாங்கள் இரண்டு பேரும் துள்ளி ஒரே பக்கம் திரும்பினோம். அந்தச் சத்தம் எனக்கா அதற்கா என்று இருவருக்கும் தெரியவில்லை. பிறகு அந்த முட்டைக்குள்ளால் துசியின் குரல், கரகரவென்று, ஆங்கிலத்தில்: "கோ அவே. கோ." கயோட்டி வேலிக்குக் கீழே நுழைந்து போய்விட்டது. மரத்தில் இருந்த காகமும் எழும்பிப் பறந்தது.

குரல் திரும்பவும் வந்தது, தமிழில். "அப்பா, உள்ளுக்குப் போங்கோ. சோத்தையும் கொண்டு போங்கோ."

போனேன். கதவு எனக்குப் பின்னால் பூட்டிக்கொண்டது. இலையை மேசையில் வைத்து அதன் முன்னால் இருந்தேன். போன் அடித்தது. "உள்ளுக்கு வந்திட்டன்" என்று மட்டும் சொன்னேன். காகம் எடுக்காமல் சாப்பிடும் வழக்கம் இல்லை. முந்திய சனிக்கிழமைகளில், நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய சீனி வருத்தக்காரன் என்று எனக்கே சாட்டுச் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை. பின்னேரம் கை நடுங்கத் தொடங்கியது. ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்து, "ஹாய் அம்மப்பா" என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

துசி வழக்கத்தைவிட முந்தி வந்துவிட்டாள். கோட்டும் கழற்றவில்லை.

"என்னப்பா இது. சாப்பிடேல்லையோ?"

"இல்லை."

"காலமையில இருந்தோ? இந்தச் சீனி வருத்தத்தோட? உங்களுக்கு என்ன நடந்தது?"

"காகம் இன்னும் எடுக்கேல்லை" என்றேன்.

ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். குழாயடியில் கையைக் கழுவினாள். என் பக்கத்துக் கதிரையை இழுத்து இருந்து, காய்ந்து போயிருந்த சோற்றில் ஓரத்தால் கொஞ்சம் எடுத்து, பருப்போடு பிசைந்து வாயில் வைத்தாள். இரவில் சோறு தொட்டுப் பல வருடமான பிள்ளை. மென்று விழுங்கிவிட்டு இன்னொரு வாய் எடுத்தாள்.

"உப்புக் காணாது" என்றாள். கண் கலங்கியிருந்தது. "அம்மான்ட மாதிரி இல்லை."

"ஓம்" என்றேன்.

"எடுத்தாச்சு. இப்ப நீங்கள் சாப்பிடுங்கோ."

நான் சாப்பிட்டேன். அவள் எழுந்து போய், பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.